குமுட்டி அடுப்பைச் சீர்திருத்துவோம்

சேத்தியாத்தோப்பு சாலைகள் கூடும் ஊர். விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியே தஞ்சைக்குச் செல்லும் நெடுஞ்சாலையும், சிதம்பரத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையும் இங்கே சந்திக்கின்றன. வெள்ளாற்று அணைக்கட்டும் எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் இவ்வூரின் பெயரை வெளியூரார்க்கு அறிவித்து வருகின்றன. இத்தகைய கூட்டுச்சாலை ஊர்களில் சோளக்கதிர் சுட்டு விற்போர், மீன் சுட்டு விற்போர், தள்ளுவண்டிச் சிற்றுண்டிக்காரர் ஆகியோரின் பிழைப்பில் சிறிய கரி அடுப்புக்கு ஓர் இடம் உண்டு. 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய உஜ்வலா திட்டத்திற்குப் பின் சமையல் வாயு பெரும்பாலான கிராம வீடுகளை எட்டிவிட்டது. ஆயினும் உருளை தீர்ந்துபோன நாளிலும், புயல் வீசிப் போக்குவரத்து நின்றுபோன வேளையிலும் பரண்மேல் கிடக்கும் குமுட்டி கீழே இறங்குகிறது. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூர் மாவட்டத்தைச் சூறையாடியதை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கடையில் விற்கும் தகரக் குமுட்டி விலை மலிவானது. ஆனால் கரியைத் தின்பதில் ஊதாரி. அதனைச் சிறிது களிமண்ணும், உமிச் சாம்பலும், இரண்டொரு நாள் உழைப்பும் கொண்டு வீட்டிலேயே சிக்கன அடுப்பாக மாற்ற முடியும். அம்முறையை இங்கே விளக்குவோம். அவ்வாறு மாற்றிய அடுப்பை எங்கே வைத்து எரிக்கலாம், எங்கே எரிக்கலாகாது என்பதையும் கூறுவோம். இவ்விரண்டையும் சேர்த்துக் கற்றாலன்றி இப்பாடம் நிறைவு பெறாது.

கரியின் உண்மை விலை

கரிக்கு நாம் கடையில் கொடுக்கும் விலை ஒன்று. அதற்காக மரம் கொடுக்கும் விலை மற்றொன்று. பழைய முறையில் மூட்டம் போட்டுக் கரி எடுக்கும்போது, 1 கிலோ கரிக்கு ஏறத்தாழ 4 முதல் 6 கிலோ வரை விறகு செலவாகிறது. ஆகவே அடுப்பில் வீணாகும் ஒவ்வொரு கைப்பிடிக் கரியும், அதைப்போல் பல மடங்கு விறகு வீணானதற்குச் சமம்.

இதற்கு வெள்ளாற்றங்கரையிலேயே ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. ஆறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டையில் 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் ஓர் இரும்பு ஆலையை நடத்தினார். அங்கே இரும்பு உருகியது மரக்கரியின் வெப்பத்தால்தான். கரிக்கு வேண்டிய மரம் போதிய அளவு கிடைக்காமற்போனது, அவ்வாலை நலிவுற்றதற்கான காரணங்களுள் ஒன்றாகும். ஓர் ஆலைக்கு நேர்ந்தது ஓர் ஊருக்கும் நேரக்கூடும். இன்று நமக்குப் பெரும்பாலும் சீமைக்கருவேலங்கரி கிடைக்கிறது. அது தாராளமாகக் கிடைக்கிறது என்பதற்காக வீணாக்குவது முறையாகாது.

பிறர் கண்ட வழி

அடுப்பைத் திருத்தும் முயற்சி நம் நாட்டிற்குப் புதியதன்று. 1950-களின் தொடக்கத்தில் ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு புகைபோக்கியுடன் கூடிய மண் அடுப்பை வகுத்துத் தந்தார். 1983-இல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கென ஒரு தேசியத் திட்டத்தையே தொடங்கியது. இவை பெரும்பாலும் விறகடுப்பைக் கருதியவை.

கரியடுப்பைப் பொறுத்தவரை வழிகாட்டியவர்கள் தாய்லாந்து நாட்டினர். தகர வாளிக்குள் சுட்ட மண் அடுப்பொன்றை இறக்கி, இரண்டிற்கும் நடுவே உமிச் சாம்பலைத் திணிப்பது அவர்களது வழக்கம். 1980-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா நாட்டினர் இதனைக் கண்டு, தங்கள் ஊர்த் தகர அடுப்பிற்குள் சுட்ட மண் உட்சுவர் அமைத்தனர். அது ‘ஜிக்கோ’ என்னும் பெயரால் அந்நாடெங்கும் பரவியது. தகரத் தொழிலாளர்க்கும் மண்பாண்டத் தொழிலாளர்க்கும் வேலையும் தந்தது. நெல் விளையும் நமது வட்டாரத்தில் உமிக்குப் பஞ்சமில்லை. நல்ல களிமண்ணுக்கும் பஞ்சமில்லை. மேற்கே விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். வடமேற்கே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள அடுக்குகளில் வெண்களிமண் கிடைக்கிறது. எனவே அவ்வழி நமக்கும் மிகப் பொருத்தமானது.

வெப்பம் எங்கே போகிறது?

தகரக் குமுட்டியில் நான்கு குறைகளைக் காணலாம்.

முதலாவது, மெல்லிய தகடு. கங்கின் வெப்பம் பாத்திரத்தை அடைவதற்கு முன்பே தகட்டின் வழியாக வெளியே பரவிவிடுகிறது. அடுப்பருகே நிற்பவரின் காலைச் சுடும் வெப்பம் முழுவதும் சோற்றுக்குப் போய்ச் சேராத வெப்பம்தான்.

இரண்டாவது, கம்பித் தட்டு. அடிப்பாகத்திற்கு மிக நெருக்கமாக இரண்டு மூன்று கம்பிகளை வைத்துவிடுகிறார்கள். சிறிது நேரத்தில் சாம்பல் குவிந்து காற்றை அடைத்துவிடுகிறது. பிறகு ஓயாமல் விசிற வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, காற்று வழிக்குக் கதவு இல்லாமை. சோறு கொதித்த பின்னும் கரி முழு வேகத்தில் எரிந்து தீர்கிறது.

நான்காவது, பாத்திரம் அமரும் இடம். மிக உயரத்தில் அமர்ந்தால் காற்று வெப்பத்தை அடித்துச் செல்லும். விளிம்போடு ஒட்டி அமர்ந்தால் உட்காற்று வெளியேற வழியின்றித் தீ மந்தமாகும்.

இந்நான்கு குறைகளையும் நீக்குவதே நமது சீர்திருத்தம்.

வேண்டிய பொருள்கள்

மேல்வாய் 26 செ.மீ., அடி 20 செ.மீ., உயரம் 20 செ.மீ. அளவுள்ள வாளி வடிவான தகரக் குமுட்டி ஒன்று. அளவு சற்று மாறினால் மற்ற அளவுகளையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். பூச்சிமருந்தோ பெயின்டோ இருந்த டப்பாவைத் தொடவே கூடாது. துத்தநாகம் பூசிய வாளியையும் தவிர்ப்பது நலம். மிகுந்த சூட்டில் அப்பூச்சிலிருந்து எழும் புகை உடலுக்குத் தீங்கானது.

ஏரி அல்லது குளத்துக் களிமண் 3 பங்கு. சுட்ட மண் ஓட்டை இடித்துச் சலித்த தூள் 2 பங்கு. உமி 1 பங்கு. வெப்பம் தடுக்கும் அடுக்கிற்கென உமிச் சாம்பல் தனியாக வேண்டும். இவை எல்லாம் படியால் அளக்கும் அளவுகள்.

ஓட்டுத் தூளுக்குப் பதிலாக ஆற்று மணலைச் சேர்க்கலாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். மணலில் மிகுதியாக உள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமம் ஏறத்தாழ 573 பாகை சென்டிகிரேடு சூட்டில் திடீரென விரிவடையும் இயல்புடையது. அதனால் சுவர் வெடிக்கும். ஒருமுறை சூளையில் வெந்த ஓடோ மீண்டும் சுருங்காது. களிமண் உலரும்போது சுருங்குவதையும் தாங்கிப் பிடிக்கும். உடைந்த செங்கல், பானை ஓடு, கூரை ஓடு எதுவும் ஏற்றது. பளபளப்பாக மெருகு ஏற்றிய பீங்கான் துண்டுகளை மட்டும் விலக்க வேண்டும். மெருகு சூட்டில் இளகிவிடும்.

உமி எதற்கு? சுவர் சூடேறும்போது உமி எரிந்து, அது இருந்த இடங்களில் நுண்ணிய வெற்றிடங்களை விட்டுச் செல்கிறது. அவற்றுள் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. உமிச் சாம்பலின் பெரும்பகுதி சிலிகா ஆதலால் அது எரிந்து போகாது, இலேசானது, வெப்பத்தைத் தடுப்பதில் சிறந்தது. ஓடு இடிக்கும்போதும் சாம்பலைக் கையாளும்போதும் மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். அத்தூசி நுரையீரலுக்குக் கேடு.

செய்முறை

1. களிமண்ணைக் கல், வேர் நீக்கி இரண்டு நாள் நீரில் ஊறவைக்கவும். பின்னர் ஓட்டுத் தூளையும் உமியையும் கலந்து, சப்பாத்தி மாவு பதத்திற்கு நன்றாக மிதித்துப் பிசையவும். ஈரத்துணியால் மூடி மேலும் ஒரு நாள் வைத்திருந்தால் மண் பக்குவப்படும்.

2. குமுட்டியின் அடியிலிருந்து 2 செ.மீ. விட்டு, 8 செ.மீ. அகலமும் 6 செ.மீ. உயரமும் உள்ள காற்று வழியை வெட்டவும். அதற்கு முன்னும் பின்னும் தள்ளக்கூடிய தகரக் கதவு ஒன்றைப் பொருத்தவும். இவ்வேலையை வெல்டிங் பட்டறையில் சிறிது நேரத்தில் முடித்துத் தருவார்கள்.

3. உமிச் சாம்பல் 4 பங்கிற்குக் களிமண் குழம்பு 1 பங்கு சேர்த்து, அடியில் 2 செ.மீ. கனத்திற்குப் பரப்பவும். சுற்றுச் சுவரிலும் இக்கலவையை 1 செ.மீ. கனத்திற்கு அப்பவும். இது வெப்பம் தடுக்கும் அடுக்கு. ஒரு நாள் உலரவிடவும்.

4. அதன்மேல் பிசைந்த மண்ணை உருண்டை உருண்டையாக வைத்து, இடைவெளியின்றி அழுத்திச் சுவர் எழுப்பவும். கீழ்ப்பகுதியில், அடியிலிருந்து 9 செ.மீ. உயரம் வரை, உள்வட்டம் 13 செ.மீ. இருக்கட்டும். அதற்கு மேல் வட்டத்தைச் சட்டென 15½ செ.மீ. ஆக அகலப்படுத்தினால் ஒரு படி கிடைக்கும். துளைத்தட்டு அதன்மேல்தான் அமரும். அங்கிருந்து மேலே போகப்போகச் சற்றே அகன்று, வாய்ப்பகுதியில் 18 செ.மீ. ஆகட்டும். கெட்டி அட்டையை இவ்வடிவில் வெட்டி உள்ளே சுழற்றினால் சுவர் ஒரே சீராக அமையும். காற்று வழியை அடைத்துவிடாமல் மண்ணிலும் அதே அளவு திறப்பு விட வேண்டும்.

5. வாய் விளிம்பில் மூன்று இடங்களில், சம இடைவெளியில், 1 செ.மீ. உயரமுள்ள குமிழ்களை அமைக்கவும். பாத்திரம் இவற்றின் மேல் அமரும். சுண்டுவிரல் கனமுள்ள இந்த இடைவெளியே உட்காற்று வெளியேறும் வழி.

6. மண் பாதி உலர்ந்த நிலையில், படிக்கு மேலுள்ள சுவரில் மேலிருந்து கீழாக மூன்று கோடுகளைக் கத்தியால் ஆழமாகக் கீறிவிடவும். பின்னாளில் சுவர் வெடிப்பதானால் அக்கோடுகளின் வழியே ஒழுங்காக வெடிக்கும். கண்ட இடத்தில் பிளந்து விழாது.

7. நிழலில் 10 நாள் உலர்த்தவும். வெயிலில் வைத்தால் மேற்புறம் மட்டும் விரைந்து காய்ந்து பிளந்துவிடும். மழைக்காலமாயின் இன்னும் சில நாள் கூட வேண்டியிருக்கும். தோன்றும் சிறு வெடிப்புகளை அதே மண் குழம்பால் பூசிவிடலாம்.

8. துளைத்தட்டு 15 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனம் உடையதாக, உமி சேராத மண்ணில் செய்து சூளையில் சுட்டதாக இருக்க வேண்டும். நடுவில் 1, அதைச் சுற்றி 6, அதற்கும் வெளியே 12 என 19 துளைகள். ஒவ்வொன்றும் 1½ செ.மீ. அகலம். கரி தங்கும் வட்டத்தில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு திறப்பாகும். துளைகள் மேலே குறுகியும் கீழே சற்று அகன்றும் இருந்தால் சாம்பல் சிக்காமல் விழும். மண் உலரும்போதும் சுடும்போதும் சுருங்குமாதலால், முதலில் சற்றுப் பெரிதாகவே வார்க்க வேண்டும். எவ்வளவு பெரிதாக என்பதை அந்த மண்ணில் பழகிய மண்பாண்டத் தொழிலாளரே நன்கறிவர். தட்டு படியின்மேல் தளர்வாக அமர வேண்டும்; மண் வைத்து ஒட்டக்கூடாது.

9. முதல் நாள் நாலைந்து கங்கு மட்டும் இட்டு அரை மணி நேரம் சூடேற்றவும். அடுத்த நாள் ஒரு மணி நேரம். மூன்றாம் நாள் முழுத் தீ. உள்ளே ஈரம் தங்கியிருக்கையில் முழுத் தீ மூட்டினால், நீராவி சுவரைப் பெயர்த்துவிடும்.

வீட்டுத் தீயில் இச்சுவரின் உள்முகம் மட்டுமே வேகும். ஆண்டுக்கு ஓரிரு முறை பூச்சு வேலை தேவைப்படும். தினந்தோறும் தொழிலுக்குப் பயன்படுத்துவோர், சுவரையும் தனிப் பாண்டமாக வனைந்து சூளையில் சுட்டு வாங்கி, உமிச் சாம்பல் திணித்துத் தகரத்துள் இறக்கிக்கொள்வது நெடுநாள் உழைக்கும்.

எரிக்கும் முறை

கரியைத் துளைத்தட்டிலிருந்து 7 செ.மீ. உயரத்திற்கு மேல் குவிக்கலாகாது. பாத்திரத்தின் அடியைக் கரி முட்டினால் காற்று ஓட்டம் தடைப்படும். பற்றவைக்கும்போது கதவு முழுவதும் திறந்திருக்கட்டும். கொதி வந்ததும் பாதிக்கு மேல் மூடிவிடலாம். சமையல் முடிந்தபின் மீந்த கங்கின்மேல் நீர் தெளிக்க வேண்டாம். நீர் சூடான மண் சுவரைப் பிளந்துவிடும். இடுக்கியால் கங்கை எடுத்து இறுக்கமான மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் போட்டு மூடினால், காற்றின்றி அணைந்து மறுநாளைக்குக் கரியாகக் கிடைக்கும். அப்பாத்திரமும் இரவு முழுவதும் வீட்டுக்கு வெளியிலேயே இருக்கட்டும்.

மீன், கதிர், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கத்தரிக்காய் முதலியவற்றைச் சுடுவோர்க்கு வேறு சில குறிப்புகள் உண்டு. அவர்கள் குமிழ்களின் மேல் கம்பி வலையை வைத்துச் சுடலாம். அடுப்பின் ஒரு பாதியில் கரியைச் சற்றுக் குவித்தும், மறுபாதியில் சிலவே பரப்பியும் வைத்தால், ஒரே வலையில் வேகச் சூடும் மெல்லிய சூடும் கிடைக்கும். கரியின்மேல் சாம்பல் பூத்த பிறகே பொருளை வைக்க வேண்டும். எண்ணெய் கங்கில் சொட்டினால் புகை எழுந்து பண்டத்தில் படியும். ஆதலின் எண்ணெய் தடவுவது அளவோடு இருக்கட்டும்.

பயன் உண்டா? அளந்து பாருங்கள்

ஒரு சீர்திருத்தத்தைப் பிறர் சொல்வதற்காக ஏற்க வேண்டியதில்லை. தராசும் கடிகாரமும் இருந்தால் எவரும் சோதித்து அறியலாம்.

மாற்றம் செய்யாத குமுட்டி ஒன்றையும் மாற்றிய குமுட்டியையும் எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 300 கிராம் கரியை நிறுத்து இட்டு, நன்கு பற்றியபின், ஒரே பாத்திரத்தில் 2 லிட்டர் தண்ணீரை மூடிவைத்துக் கொதிக்க வைப்போம். கொதித்தவுடன் கங்கை மூடி அணைத்து, ஆறிய பின் மீந்ததை நிறுப்போம். மூன்று முறை செய்து சராசரி காண்பது நல்லது.

1 கிலோ நல்ல கரியில் ஏறத்தாழ 7,000 கிலோ கலோரி வெப்பம் அடங்கியுள்ளது. 2 லிட்டர் தண்ணீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்கு உயர்த்த 140 கிலோ கலோரி போதும். அதாவது சிறிதும் வீணாகாவிடில் 20 கிராம் கரியே போதுமானது! 100 கிராம் செலவாயிற்று என்றால் ஐந்தில் ஒரு பங்குதான் பயன்பட்டது. தகர அடுப்பின் இயல்பு பெரும்பாலும் இவ்வளவுதான். நன்கு அமைந்த மண் உட்சுவர் அடுப்பு மூன்றில் ஒரு பங்கு வரை பயன்படுத்தக்கூடும். அப்போது 60 கிராம் போதும்.

ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். கனமான மண் சுவர், தானும் சூடேறச் சிறிது கரியை எடுத்துக்கொள்ளும். எனவே ஒரு குவளைத் தேநீருக்காக மட்டும் மூட்டினால் இலாபம் தெரியாது. சோறு, குழம்பு எனத் தொடர்ந்து சமைக்கும்போதும், நாள் முழுதும் கதிர் சுடும்போதும்தான் சிக்கனம் கண்கூடாகும்.

புகையில்லை, ஆனால் நஞ்சுண்டு

இனிக் கூறுவதை வாசகர்கள் மிகக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம்.

கரித் தீயில் கண்ணைக் கரிக்கும் புகை இல்லை. அதனாலேயே பலர் அது தீங்கற்றது என நம்பி, மழை நாளிலும் குளிர் இரவிலும் அடுப்பை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொள்கின்றனர். கரி எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள சிவப்புப் பொருள் பிராணவாயுவைப் பற்றுவதைவிட இருநூறு மடங்கிற்கும் மேலாக இந்த நஞ்சைப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல், பின்னர் தூக்கம். அத்தூக்கத்திலேயே உயிர் பிரிந்துவிடும். குளிருக்கு அஞ்சி அறைக்குள் கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழாத செய்திகள் மலைவாழ் ஊர்களிலிருந்து மீண்டும் மீண்டும் வருகின்றன.

நாம் செய்த சீர்திருத்தம் இந்த ஆபத்தை நீக்கவில்லை. ஒரு வகையில் மிகுதிப்படுத்தவும் கூடும். சிக்கனத்திற்காகக் காற்றுக் கதவைக் குறைக்கும்போது கரிக்குப் போதிய காற்று கிடைப்பதில்லை. அரைகுறையாக எரியும் கரியே இந்நஞ்சை மிகுதியாக வெளியிடும். மேலும், மண் சுவர் கங்கை நெடுநேரம் உயிரோடு வைத்திருக்கும். அணைந்துவிட்டது என்று கருதி உள்ளே எடுத்து வைத்த அடுப்பு, நள்ளிரவு வரை நஞ்சை உமிழக்கூடும்.

ஆகவே கரியடுப்பு எரியும் இடம் முற்றம், திண்ணை, இருபுறமும் திறந்த தாழ்வாரம், கூரைக்குத் தீ எட்டாத வெளி ஆகியவையே. அறை, அடைத்த சமையற்கட்டு, மூடிய வண்டி ஆகியவற்றுள் அதனைக் கொண்டுசெல்லலாகாது. ஒரு சன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பதும் தவறு. புயல் நாளில் வெளியே மூட்ட இயலாதெனில், அன்று கரியடுப்பை மூட்டாதிருப்பதே அறிவுடைமை. அவலும் பொரியும் அந்நாளுக்கென்றே வீட்டில் இருக்கட்டும். எவரேனும் மயங்கிவிட்டால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108-க்குத் தெரிவிக்க வேண்டும்.

ஊர் கூடிச் செய்யலாம்

ஒரு வீட்டில் ஓர் அடுப்புக்கென மண் மிதிப்பதைவிட, மகளிர் சுய உதவிக் குழுவொன்று பத்து அடுப்புகளுக்குச் சேர்ந்து மண் பக்குவம் செய்வது எளிது. துளைத்தட்டுகளையும் உட்சுவர்களையும் மொத்தமாகக் கேட்டால், அருகிலுள்ள மண்பாண்டத் தொழிலாளர் ஒரே சூளையில் சுட்டுத் தருவர். கார்த்திகை அகலும் பொங்கல் பானையும் விற்காத மாதங்களில் அவர்களுக்கு அது ஒரு வேலையாகும். விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலைக் கற்பிக்கும் அரசுப் பயிலகம் இருக்கிறது. மண்ணின் தரம் பற்றிய ஐயங்களைத் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெளிய அவ்வூர் தொலைவிலும் இல்லை.

முதல் அடுப்பை ஊர்ப் பொதுவிடத்தில் வைத்து, மேலே கூறிய தண்ணீர்ச் சோதனையை எல்லோரும் காணச் செய்து காட்டுங்கள். மீந்த கரியைத் தராசில் காட்டுவதைவிடச் சிறந்த பிரசாரம் வேறில்லை. அத்துடன், அடுப்பை வாங்கிச் செல்லும் ஒவ்வொருவரிடமும், “இது வெளியில் எரிய வேண்டிய அடுப்பு” என்பதையும் தவறாமல் சொல்லி அனுப்புங்கள். கதவின் மேலேயே அதைப் பெரிய எழுத்தில் எழுதிவைத்தால் இன்னும் நன்று.